அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 34. மனைவியும் வேலைக்குப் போகிறார். மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. ஒரு குழந்தை இருக்கிறது, இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடமாவது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க அவர் நினைக்கிறார். இப்போது வாடகை வீடு. வாடகை இருவர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. “வாடகை கொடுப்பது ஆற்றில் கொட்டுகிற மாதிரி, அதையே தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகும்” என்று மாமனார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதே தெருவில், இதே அளவில், புது வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலையில் 80 சதவீதத்தை 9 சதவீத வட்டிக்கு, 20 வருடக் கடனாகத் தர வங்கி தயார். தவணை எங்கள் மொத்தச் சம்பளத்தில் பாதி வரும். மீதி 20 சதவீதத்துக்குச் சேமிப்பு முழுவதும் சரியாகிவிடும். பதிவுச் செலவு 7 சதவீதம் ஆகும் என்கிறார் தரகர். அதற்கு நண்பரிடம் கைமாற்று வாங்கலாம் என்றிருக்கிறேன். மூன்று வருடத்தில் எனக்கு வெளியூர் மாற்றல் வரலாம். அப்போது விற்றால் விலை ஏறியிருக்கும்தானே? புது வீட்டை எஞ்சினியர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, பத்திரத்தை வங்கியே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். இன்னொரு பார்ட்டி தயாராக இருப்பதால் இந்த வாரமே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார் தரகர். கொடுக்கலாமா மேடம்? தொகை எதையும் வெளியிட வேண்டாம்.

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள்.

வீடே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொந்த வீடு வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் சொன்னவற்றில் ஐந்தாறு விஷயங்கள் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி 20 வருடத்துக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. தொகையை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், வீட்டு விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு தாளை எடுத்து, உங்கள் தொகையை அதில் பொருத்திப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் மாமனார் சொல்வதை எடுத்துக்கொள்வோம். நீங்கள் கொடுக்கும் வாடகை வருடத்துக்கு 3.5 பங்கு வருகிறது. அது திரும்பி வராது, உண்மைதான். இப்போது கடனைப் பாருங்கள். 80 பங்கு கடனுக்கு, நீங்கள் சொன்ன வட்டிப்படி, முதல் வருடம் 8.6 பங்கு தவணை கட்டுவீர்கள். அதில் அசலில் கழிவது 1.5 பங்கு. மீதி 7.1 பங்கு வட்டி. அந்த வட்டியும் திரும்பி வராது. வாடகை ஆற்றில் போகிறது என்றால் அதைப் போல இரண்டு மடங்கு வட்டியும் அதே ஆற்றில்தான் போகிறது. வீட்டுப் பராமரிப்பு, வரி, காப்பீடு எல்லாம் இனி உங்கள் தலையில். பராமரிப்புக்கு மட்டும் வருடம் விலையில் ஒரு சதவீதம் ஒதுக்கச் சொல்வது வழக்கம். புது வீட்டில் ஆரம்பத்தில் அவ்வளவு ஆகாது. பிறகு ஒரு வருடம் மொட்டை மாடி ஒழுகும், இன்னொரு வருடம் மோட்டார் போகும், சேர்த்து வாங்கிவிடும்.

“அதே காசைத் தவணையாகக் கட்டினால்” என்ற பேச்சும் சரியாக வரவில்லை, கவனித்தீர்களா? உங்கள் வாடகை சம்பளத்தில் ஐந்தில் ஒன்று. தவணை பாதி. இரண்டும் ஒரே காசு இல்லை.

வாடகை வருடா வருடம் ஏறும், தவணை ஏறாதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், பத்தாவது வருடத்தில்தான் வாடகையும் வட்டியும் கிட்டத்தட்டச் சமமாகின்றன: வாடகை 5.4, வட்டி 5.3. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சொந்த வீட்டுக்காரர் பக்கம் தராசு சாயும். அதனால் 15, 20 வருடம் ஒரே ஊரில் இருக்கப் போகிறவருக்கு மாமனார் சொல்வது பொருந்தும். அவருக்கே பொருந்தியிருக்கும், அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். மூன்று வருடத்தில் கிளம்பக்கூடிய உங்களுக்கு அதே ஆலோசனை பொருந்தாது.

தவணை ஏறாது என்பதும் எப்போதும் உண்மை இல்லை. உங்கள் கடன் நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்று நீங்கள் எழுதவில்லை. வங்கியிடம் இதை முதலில் கேளுங்கள். மாறும் வட்டியாக இருந்து, ஆரம்பத்திலேயே 9 என்பது 10 ஆனால், தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டுவார்கள். பல இடங்களில் அதுதான் நடைமுறை. மாதத் தவணை அதேதான் இருக்கும், எதுவும் மாறியதாகவே தெரியாது. ஆனால் 20 வருடக் கடன் 26 வருடக் கடனாகியிருக்கும். நான் வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருந்த காலத்தில், காலத்தை நீட்டியதாக வங்கி அனுப்பிய கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்திருந்து, ஓய்வு பெறப்போகும் நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. கவரின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. “கடன் இந்த வருஷத்தோட முடியும்னு நினைச்சேன்மா” என்றார். இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தது.

கடன் எப்படிக் கரைகிறது என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 20 வருடக் கடனில் 10 வருடம் கட்டினால் பாதி முடிந்திருக்கும் என்று தோன்றும். 9 சதவீத வட்டியில், 10 வருடம் கழித்தும் அசலில் 71 சதவீதம் அப்படியே நிற்கும். பாதி அடைவதற்கு 14 வருடம் ஆகும். ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதுதான் காரணம். இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு காசும் நேராக அசலில் போய் விழும். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால், 20 வருடம் மூன்று வருடத்துக்கும் மேல் குறையும். ஆனால் கூடுதலாகக் கட்டக் கையில் காசு மிஞ்ச வேண்டும். உங்கள் திட்டத்தில் மிஞ்ச இடமே இல்லை.

அடுத்தது, மூன்று வருடத்தில் விற்பது. இந்தக் கணக்கை நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மூன்று வருடத்தில் மொத்தம் 26 பங்கு தவணை கட்டியிருப்பீர்கள். கடன் 80-லிருந்து 75-க்குத்தான் இறங்கியிருக்கும். வட்டி 21. பதிவுச் செலவு 7. பராமரிப்பு 3. விற்கும்போது தரகு, இதர செலவு என்று 2 வையுங்கள். ஆகமொத்தம் 33 பங்கு திரும்பாத பணம். இதே மூன்று வருடம் வாடகையில் இருந்தால் 11 பங்கு போயிருக்கும். வித்தியாசம் 22. அதாவது 100-க்கு வாங்கிய வீட்டை 122-க்கு விற்றால்தான் வாடகையில் இருந்தவரோடு நீங்கள் சமம். லாபத்துக்கு வரி உண்டென்றால் அதற்கும் மேலே. உங்கள் சேமிப்பு வங்கியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

மூன்று வருடத்தில் 22 ஏறாதா? ஏறலாம். ஏறாமலும் போகலாம். வீட்டு விலை இறங்கவே இறங்காது என்று எல்லா நாட்டிலும், விலை ஏறும் காலத்தில், எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். ஜப்பானில் 1991-ஐ ஒட்டி உச்சம் தொட்ட நில விலை, அதன்பின் பத்து வருடத்துக்கும் மேல் வருடா வருடம் இறங்கியது. அமெரிக்காவில் 2006-ல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2012-க்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அயர்லாந்தில் 2007-க்குப் பிறகு ஏறக்குறைய பாதியாகியது. பொருளாதாரத்துக்கு 2013-ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர், அமெரிக்க வீட்டு விலைகளை 1890 வரை பின்னோக்கிப் போய்த் தொகுத்தார். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், முதல் நூறு வருடத்தில் வீட்டு விலை பெரிதாக ஏறியிருக்கவே இல்லை. தாத்தா வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் வைத்துக்கொண்டு வியக்கிறோம்; அந்த இடைவெளியில் அரிசி விலை எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதில்லை.

இன்னொன்று. காலம் போகப் போக ஏறுவது பெரும்பாலும் மண்ணின் விலைதான். கட்டடம் தேய்கிற பொருள். ஆகவே எந்த வீட்டைப் பார்த்தாலும், விலையில் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை என்று கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரிக்கு வருகிறேன். “வங்கி தயார்.”

வங்கி தருகிறேன் என்று சொல்லும் தொகையை, நம்மால் தாங்க முடிந்த தொகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீடு வாங்குவதில் இதைவிடப் பெரிய தவறான எண்ணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் பார்த்தது சம்பளச் சீட்டு, பழைய கடன்கள், வீட்டின் மதிப்பு. கடன் கெட்டுப்போனால் வீட்டை விற்று எடுக்க முடியுமா என்று பார்த்தோம். உங்கள் மனைவி ஒரு வருடம் வேலையை விடப் போகிறார் என்பது எந்தப் படிவத்திலும் இருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருக்க நேர்வதும் இருக்காது. அதை எல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான்.

எண்ணிப் பாருங்கள். மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒன்று நின்றுவிட்டால், பாதியாக இருக்கும் தவணை மீதிச் சம்பளத்தில் முக்கால் ஆகிவிடும். கால் பங்கில் நான்கு பேர் சாப்பிட வேண்டும், துணி எடுக்க வேண்டும், நண்பரின் கைமாற்றையும் அடைக்க வேண்டும். அந்தக் கைமாற்று 7 பங்கு என்பது உங்கள் இருவரின் ஏறக்குறைய ஐந்து மாத முழுச் சம்பளம். சேமிப்போ முழுவதும் வீட்டுக்குள் போயிருக்கும். வீட்டுக்குள் போன பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது. ஒரு ஜன்னலை மட்டும் கழற்றி விற்க முடியுமா?

என் கணக்கில், தவணை உங்கள் ஒருவர் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அது இருவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் நீங்கள் தாங்கக்கூடிய கடன் 53 பங்கு. வங்கி சொன்ன 80-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கடன் போக, பதிவுச் செலவும் போக, ஆறு மாத வீட்டுச் செலவு தனியாகக் கையில் நிற்க வேண்டும். இந்த ஆறு மாதத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

புது வீட்டைப் பார்க்க எஞ்சினியர் வேண்டாம் என்பது அடுத்த தவறு. புது வீட்டில் குறை தெரிய இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். போன வருடம் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதியோடு, கட்டி எட்டு மாதமே ஆன வீட்டைப் பார்க்கப் போனேன். கூடவே ஒரு கட்டட எஞ்சினியர். கூடத்தில் எல்லாம் பளபளப்பு. படுக்கையறையில் ஒரு சுவரில் மட்டும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வர்ணம் கொஞ்சம் புதுசாக, ஒரு சாயல் வெளுப்பாக இருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் குனிந்து புறங்கையை அங்கே வைத்தார். பிறகு என் கையை வைக்கச் சொன்னார். மேலே சுவர் வெதுவெதுப்பு. கீழே ஜில்லென்று இருந்தது. மூலையில் நகத்தால் லேசாகக் கீறியதும் வெள்ளையாக மாவு உதிர்ந்தது. சுவர் உப்புப் பூத்திருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. அங்கே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினோம். தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல், நேராக அந்தச் சுவரோரம் போய்த் தேங்கி நின்றது. தரையை உடைத்துத் திரும்பப் போடாமல் அது சரியாகாது. அந்தத் தம்பதி அதற்கு முன் அந்த வீட்டை நான்கு முறை பார்த்திருந்தார்கள்.

எஞ்சினியர் வருவதற்கு முன் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, மேலே தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். பூச்சில் மயிரிழை போல ஓடும் வெடிப்புகளுக்குப் பயப்பட வேண்டாம். காயும்போது பெரும்பாலும் வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, செங்கல் வரிசையில் படி படியாகப் போகும் வெடிப்பு, விரல் நுனி நுழையும் அகலம், இவை இருந்தால் நின்று விசாரியுங்கள். அதே அறையின் கதவு சட்டத்தில் இடித்தால் அடித்தளம் இறங்கியிருக்கக்கூடும். முடிந்தால் மழை நாளில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போங்கள். காலை பத்து மணிக்கு எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

பத்திரத்தை வங்கி பார்த்துக்கொள்ளும் என்பதும் இதே மாதிரிதான். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார், கவனமாகவே பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கி கொடுக்கும் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று. நீங்கள் போடும் 20 பங்குக்கும், நீங்கள் அங்கே வாழப் போகும் வாழ்க்கைக்கும் அவர் பொறுப்பில்லை. பாதை உரிமை, பக்கத்து மனையோடு எல்லைத் தகராறு, அனுமதித்த வரைபடத்தில் இல்லாமல் கட்டிய அறை, பாகம் பிரிக்காத வாரிசுச் சொத்து என்று எத்தனையோ உண்டு. உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்து, மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் வரை பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞர் வேண்டாம். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் தூசு.

தரகர் சொல்லும் “இன்னொரு பார்ட்டி” நிஜமாகவே இருக்கலாம். இருக்கட்டும். அவர்கள் வாங்கினால் வாங்கட்டும். ஒரு வீடு கை நழுவினால் இன்னொன்று வரும். தவறான வீட்டுக்குள் மாட்டினால் வெளியே வர வருடக்கணக்காகும். எந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தாலும் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கடன் கிடைக்காவிட்டாலும், பத்திரத்தில் குறை வந்தாலும், எஞ்சினியர் பெரிய பழுது சொன்னாலும் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று. ‘வங்கி தயார்’ என்று வாயால் சொன்னதும், முதல்கட்ட ஒப்புதல் கடிதமும் கடன் கிடைத்ததற்குச் சமம் இல்லை. வீட்டையும் பத்திரத்தையும் பார்த்த பிறகும் வங்கி மறுக்கலாம். விற்பவர் இந்த மூன்றுக்கும் கையெழுத்துப் போட மறுத்தால், அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்? மாற்றல் வருமா வராதா என்பது தெளியும்வரை, பிரசவமும் அதற்கடுத்த ஒரு வருடமும் கழியும்வரை வாடகையிலேயே இருங்கள். அதை வீண் என்று நினைக்காதீர்கள். கிளம்ப வேண்டியிருந்தால் கிளம்ப முடிகிற சுதந்திரத்துக்கு அந்தப் பணம் போகிறது. இப்போது உங்கள் குடும்பத்துக்கு மிகவும் தேவையானது அதுதான்.

அப்புறம், வரும் மாதம் முதல் ஓர் ஒத்திகை பாருங்கள். தவணை கட்டுவதாகவே நினைத்துக்கொண்டு, தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். அது இருவர் சம்பளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் வரும். இருவரும் வேலையில் இருக்கும்போதே இது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் ஒரு வருடத்தில் வீட்டு விலையில் 5 பங்கு சேர்ந்திருக்கும், நண்பரிடம் கேட்கவிருந்த 7 பங்கில் பெரும்பகுதி அது. முடியாவிட்டால், வங்கியிலிருந்து நோட்டீஸ் வராமலேயே அது உங்களுக்குத் தெரிந்துவிடும். மாமனாரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள், மகள் குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் பேசுகிறார், 3.5-ஐயும் 7.1-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அவருக்குப் புரியும்.

ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கணக்கில் கை வைக்காமல் எத்தனை மாதம் இருக்க முடிந்தது என்று மட்டும் சொன்னால் போதும், எவ்வளவு கடன் வாங்கலாம் என்று அப்போது சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.